ஒன்றேகால் அங்குலக் கட்டை

என் மேஜை மேலே இப்போ ஒரு அலுமினியக் கட்டை இருக்கு. உள்ளங்கை அகலம், ஒன்றேகால் அங்குல கனம், ஸ்டட் நுழைய ஆறு ஓட்டை. லேத் பட்டறையில் கடைந்த கோடுகள் ஓரத்தில் இன்னும் தெரியுது. சுமார் 45 வருஷம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் அடியில் கிடந்த பொருள். இதைத் திரும்ப மாட்டுவதா, பீரோவில் வைப்பதா என்று மூணு மாசமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். யோசிக்கிற சாக்கில் படிச்சதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கார் என் மாமாவோடது. சிதம்பரத்தில் இருந்தார். 1966 மாடல், இரண்டு கதவு ஹெரால்டை 1973-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி இருக்கிற கீழ வீதி, மேல வீதி எல்லாத்துக்கும் ஆங்கிலப் பலகையில் 'கார் ஸ்ட்ரீட்' என்று எழுதியிருக்கும். தேர் ஓடுகிற வீதி என்று அர்த்தம். "கவர்மென்ட்டே என் காருக்கு நாலு தெரு ஒதுக்கியிருக்கு" என்பது மாமாவின் நிரந்தர ஜோக். அந்தக் காரை அவர் வீட்டு வாசலில் வைத்தே 'இறக்கினார்'. ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தரையோடு உட்காரணும் என்பது ஆசை. அழகுக்குப் பண்ணினார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது பாதி உண்மைதான்.

முதலில் ஹெரால்டு. 1950களில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு ஒரு சிக்கல். அவர்களுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. உலகமே ஒரே கூடாக வார்த்த பாடிக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்களுக்கு அப்படி ஒரு பாடியை முழுசாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் பழைய முறைக்கே போனார்கள்: தனி சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டுகிற பாடி. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கலாட்டி வரைந்த கார் 1959-ல் வந்தது. முதலில் வந்த வகைகளிலேயே ஒரு கூபேயும் உண்டு. கூரையைக் கழற்றி வேறு கூரை போடலாம். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் சக்கரத்து மேலேயே உட்கார்ந்துக்கிட்டு இன்ஜினைக் கழற்றலாம். எங்க தொழிலில் 'மாட்யூலர்' என்று பெருமையாகச் சொல்லுவோமே, அது இங்கே வேறு வழியில்லாமல் வந்தது.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-லிருந்து இதைத் தயாரித்தது. வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. 948 சி.சி. இன்ஜின், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூணு பேர் மட்டும் கார் விற்ற காலம். கூபே இங்கே வரவே இல்லை. மாமா மாதிரி ஆளுக்கு இரண்டு கதவு ஹெரால்டுதான் கைக்கு எட்டின ஸ்போர்ட்ஸ் கூபே.

அந்த ஆசையை ஊதிவிட்டது சோழவரம். சென்னைக்கு வடக்கே கல்கத்தா ரோட்டில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. அசல் ரேஸ் கார்களும் வரும். ஆனா கூட்டத்தில் பாதிப் பேருக்கு நெருக்கமானவை ஃபியட்டும் ஹெரால்டும்தான், தன் தெருவில் ஓடுகிற அதே வண்டிகள் இல்லையா. மாமா ராத்திரி ரயிலில் எழும்பூர் போய், பஸ் பிடித்து சோழவரம் போய், மறுநாள் முகம் முழுக்கப் புழுதியோடு திரும்புவாராம். அம்மா இன்னமும் சொல்லுவாங்க. அங்கே பார்த்த ஹெரால்டு தரையோடு ஒட்டி நின்றதாகவும், பின்சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்ததாகவும் அவர் நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறார். விஷயம் அந்தச் சாய்வில்தான் இருக்கு.

ஹெரால்டின் பின்பக்கம் 'ஸ்விங் ஆக்ஸில்'. சாதாரண வண்டியில் இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கும். இதில் நடுவில் இருக்கிற கிரௌன் சேஸிஸோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் அச்சு, பறவையின் சிறகு மாதிரி மேலும் கீழும் ஆடும். கிரௌன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டை. சொகுசுதான். ஆனா வண்டி காலியா இருந்தா பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிற்கும். சக்கரங்கள் கீழே குறுகி, மேலே விரிந்து இருக்கும். வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தை ரோடு உள்நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் சாய்ந்த அச்சு வழியாக வண்டியையே மேலே நெம்பும். நெம்ப நெம்ப சக்கரம் இன்னும் உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டும் ரோட்டைத் தொடும், பின்பக்கம் சட்டென்று வழுக்கும்.

இது மாமா கண்டுபிடித்த குறை இல்லை. 1965-ல் அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் எழுதி கார் தொழிலையே உலுக்கிய புத்தகத்தின் முதல் அத்தியாயம் செவர்லே கார்வேரின் ஸ்விங் ஆக்ஸில் பற்றியதுதான். ஹெரால்டு சேஸிஸிலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயருக்கும் (1962), அதன் மேல் கூரை போட்டு ஆறு சிலிண்டர் இன்ஜின் வைத்த ஜி.டி.6 கூபேக்கும் (1966) இதே வியாதி. ஜி.டி.6-ஐ பத்திரிகைகள் கிழித்த கிழியில் 1968-லேயே பின் சஸ்பென்ஷனை மாற்றினார்கள்.

மாமாவுக்கு அனுபவம் பி.முட்லூர் பக்கம் ஒரு வளைவில். மழை, காலி வண்டி, அவர் மட்டும். பின்பக்கம் எகிறி, வண்டி முழுசாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. புளியமரத்துக்கு நாலடி. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் டிக்கியில் மணல் மூட்டை போட்டு ஓட்டியிருக்கார். சிரிக்காதீங்க, கணக்குப்படி சரியான வைத்தியம் அது. கனம் ஏறினா பின்பக்கம் இறங்கும், அச்சு படுக்கும், நெம்புகிற விசை குறையும். மூட்டை இல்லாமலே அதைச் சாதிப்பதுதான் இந்தக் கட்டை. கிரௌனுக்கும் கமான் பட்டைக்கும் நடுவில் வைத்து, நீளமான ஸ்டட் போட்டு இறுக்கினால், பட்டை ஒன்றேகால் அங்குலம் உயரும். அதன் நுனியில் தொங்குகிற சக்கரங்களும் பாடிக்குள் உயரும். பார்க்கிறவனுக்குக் கார் இறங்கினது மாதிரி இருக்கும். ஸ்பிட்ஃபயர் ஓட்டிகள் வெளிநாட்டில் பண்ணுகிற அதே வேலை. அவர் அதை எங்கே படிச்சாரோ, சோழவரத்தில் யார் காரின் அடியில் படுத்துப் பார்த்தாரோ!

முன்பக்கம் மட்டும் சொதப்பினார். அங்கே சுருள் ஸ்பிரிங். ஹேக்ஸா பிளேடால் அரைச் சுற்று வெட்டிவிட்டார். வெட்டின முனை சமமாக உட்காராது. மீதிச் சுற்றுகள் குறைந்ததால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். ஆறு மாசம் 'டங் டங்' என்று சத்தம், கீழ வீதி முழுக்கத் தெரியுமாம் யார் வர்றாங்கன்னு. கடைசியில் வேறு ஸ்பிரிங் வாங்கி மாட்டினார். நோட்டில் இது ஒரு வரிதான். வெற்றிக்கு நாலு பக்கம், தோல்விக்கு ஒரு வரி. நானும் ரிலீஸ் நோட்ஸ் அப்படித்தான் எழுதுவேன்.

இறக்கின வண்டி சும்மா இருக்காது, வேலை வைக்கும். பின் டயர்களின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். மாசம் ஒருமுறை கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். வேகத்தடையில் சைலன்சர் உரசும், அதனால் குறுக்காக ஏறி இறங்குவார். எல்லாத்தையும் விட முக்கியம் முன்சக்கரத்தின் கீழ் டிரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு, மரை போட்ட பித்தளைத் துண்டுக்குள் திருகித் திரும்புகிற இடம். இதுக்கு கிரீஸ் வைக்கக் கூடாது, கியர் ஆயில்தான் ஊற்றணும். கிரீஸ் கெட்டிப்பட்டு மரைக்குள் இறங்காது. தண்ணீர் புகுந்து துரு அரித்து, ஒரு நாள் திரும்பும்போது துண்டாகி, சக்கரம் படுத்துவிடும்.

மாமா போன பிறகு கார் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் எங்க வீட்டு ஷெட்டுக்கு வந்தது. நான் அப்போ பெங்களூரில். சர்வீஸுக்கு விட்ட ஒர்க்‌ஷாப்பில், எல்லா நிப்பிளிலும் ஏத்துகிற மாதிரி டிரன்னியனிலும் நல்லா கிரீஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. நான் ரசீதைப் பார்த்து "நல்லா பண்ணியிருக்காங்க" என்று மெயில் போட்டேன். இரண்டு வருஷம் கழிச்சு, நல்ல வேளையாக ஷெட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்போதே ஒடிந்தது. ரோட்டில் ஆகியிருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவது எழுதியிருப்பாங்க.

கடலூர் காற்று வேற. தேவனாம்பட்டினம் கடல் பக்கத்திலேயே. 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஷெட் கூரை பறந்தது, 2015 வெள்ளத்தில் தண்ணி கதவு விளிம்பு வரை நின்றது. ஹெரால்டு சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைகள் மாதிரி நீளும் பெட்டி இரும்புகளில் சேறு தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், ஸ்குரூடிரைவரால் குத்தினா உள்ளே போகும். நாலு இரும்பை வெட்டி எடுத்துப் புதுசு வெல்டிங் பண்ணினோம். பாடி தனி, சேஸிஸ் தனி என்பதால்தான் அது முடிந்தது.

இதுக்கு நடுவில் கம்பெனி என்ன பண்ணியது என்பதையும் பார்க்கணும். ஸ்விங் ஆக்ஸில் நம்ம மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கலை, வாங்கினவர்களுக்கும் பிடிக்கலை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டிலிருந்து வந்த நாலு கதவு 'கஸல்' காரில் அதைத் தூக்கிவிட்டு, லாரி மாதிரி ஒரே குழாய் ஆக்ஸில் போட்டார்கள். ரோட்டுக்கு ஏற்ற, புத்திசாலித்தனமான முடிவு. ஆனா அந்த இடத்தில் ஹெரால்டு செத்துப்போச்சு என்பது என் அபிப்பிராயம். 1985-ல் அதே கம்பெனி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 பாடியை எடுத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றது. தாழ்வான, கூர்மூக்குக் கார். அதுக்குள் 1950களின் வேன்கார்டு வழி வந்த 1991 சி.சி. இன்ஜின், நம்ம ரோட்டுக்காக உயர்த்தின சஸ்பென்ஷன். மாமா உயரமான காரை இறக்கினார், கம்பெனி தாழ்ந்த காரை ஏற்றியது. 1988-ல் தயாரிப்பு நின்றது.

சோழவரமும் முடிந்துவிட்டது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி இன்ஜின் வைத்து ஃபார்முலா கார்களே கட்டினார். தெருக் காரைத் திருத்தி ஓட்டுகிற காலம் மெல்ல ஓரம்போனது. சட்டமும் இறுகியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. கண்கூசும் விளக்கும் காதைக் கிழிக்கும் சைலன்சரும் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் இந்தச் சட்டம் வேணும்தான் என்று தோணுது.

என் சிக்கல் வேறு. இந்தக் காருக்கு 50 வயசு தாண்டியாச்சு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்கணும்; சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. கட்டை இந்த மூணிலும் சேராது என்று நான் வாதாடலாம். பார்க்க வருகிற அதிகாரி 'அசல் வடிவம்' என்பதை எப்படிப் படிப்பார்? போல்ட் கழற்றினா அரை நாள் வேலை, கார் 1966-ல் வண்டலூரிலிருந்து வந்த உயரத்துக்குப் போயிடும். பின்பக்கம் தூக்கிக்கிட்டு, காலியா ஓட்டினா வழுக்குகிற அந்த உயரத்துக்கு.

போன வாரம் கழற்றினேன். நீளமான ஸ்டட்டுகளில் துரு ஒட்டு மட்டும்தான், மரை புதுசு மாதிரி இருந்துச்சு. அசல் உயரத்தில் மஞ்சக்குப்பத்திலிருந்து கூடுதல் வண்டி நடமாட்டம் இல்லாத ஞாயிறு காலையில் ஆலப்பாக்கம் வரை போய் வந்தேன், நாற்பதைத் தாண்டலை. திரும்பும்போது வழியில் நிறுத்தி, டிக்கியில் ஒரு மணல் மூட்டை ஏற்றிக்கொண்டேன். விண்ணப்பத்துக்கு போட்டோ எடுத்தாச்சு. கட்டையை எண்ணெய் தடவி, மாமா நோட்டோடு சேர்த்து ஒரு துணியில் சுற்றி வைக்கப் போறேன். ஆறு நீள ஸ்டட்டையும் அதிலேயே போட்டு, எந்த ஓட்டைக்கு எது என்று சீட்டு எழுதிக் கட்டணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி டிரன்னியனுக்கு ஆயில் ஊற்றுகிற வேலையும் பாக்கி இருக்கு.