காலி நாற்காலி

1991-இல் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோட் அட்டவணை வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் இந்திய மொழிகளுக்குப் பெரிதாக மெனக்கெடவில்லை. இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் 1988-ஆம் ஆண்டு வரிசையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அதன் விதி கறாரானது. தேவநாகரியில் ஓர் ஒலி எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறதோ, தெலுங்கிலும் தமிழிலும் அதே வரிசைதான். ஒரு மொழியில் அந்த எழுத்து புழங்கவில்லையா, நாற்காலி காலி. வடமொழியில் சிவன் பெயரைத் தொடங்கும் மெல்லிய சகரத்துக்குரிய இடம், வகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவே, தமிழில் அப்படித்தான் வெறுமனே கிடந்தது. ஒரு கூட்டெழுத்து வந்து நிற்கும்வரை அது யாரையும் உறுத்தவில்லை.

கிரந்தத்திலிருந்து வந்த எழுத்து அது. கல்யாணப் பத்திரிகையில் அது இல்லாமல் பலருக்குக் கை ஓடாது. பிரித்துப் பார்த்தால் அதன் முதல் ஒலி, நாற்காலியில் இல்லாத அதே சகரம்! ஆகவே கையில் இருந்த ஸகரத்தை அந்த இடத்தில் நிறுத்தி, எழுத்துருவுக்குள் ஓர் ஒட்டுப் போட்டார்கள். இலக்கணம் பிசகினாலும் திரையில் வடிவம் அச்சாக வந்தது. கோப்புகளும் இணையப் பக்கங்களும் அந்த ஒட்டின்மேல் குவிந்துகொண்டே போயின.

2005 மார்ச். யூனிகோட் 4.1 வந்தது. அதில் நாற்காலிக்கு உரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார்: ஶ. இனி கூட்டெழுத்து அவரோடுதான் தொடங்க வேண்டும் என்றானது. பழைய கோப்புகளின் கதி?

திறமூல எழுத்துரு செய்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. விதிப்படி புதிய வரிசையை மட்டும் இணைத்தால் பழைய பக்கங்களில் எழுத்து உடைந்து தெரியும். இரண்டுக்கும் ஒரே வடிவம் கொடுத்தால் பிழை கண்ணிலேயே படாது. படாத பிழையை யார் திருத்துவார்கள்? பல எழுத்துருக்கள் இரண்டாவது வழியில்தான் போயின. வாசிக்கிறவர் பக்கம் நின்று பார்த்தால் வேறு என்ன செய்திருக்க முடியும்! ஆனால் சிக்கல் அங்கிருந்து தேடுபெட்டிக்குள் நகர்ந்தது.

உதாரணத்துக்கு, ஏற்காட்டில் ஸ்ரீ சக்ர மகாமேரு கோயில் இருக்கிறது. அந்த முதல் எழுத்துதான் இத்தனைக்கும் காரணம். அதை ஸகரத்தில் ஒருவரும் ஶகரத்தில் இன்னொருவரும் தட்டச்சு செய்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்று; கணினிக்கு வேறு வேறு. ஒருவர் சேமித்த பெயரை மற்றவர் தேடினால் கிடைக்காமல் போகலாம். கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோட்டின் உறுதி. அதனால் இரண்டையும் சமமாகக் கருதும்படி பரிந்துரைக்கிறதே தவிர, கட்டளையிடுவதில்லை. சில மென்பொருள்கள் கேட்கின்றன.