பப்பாசிப் பாலும் முள்ளந்தண்டும்

மூதூர்ப் பகுதியில் இறைச்சி விரைந்து வேகவேண்டின் பப்பாசிக்காய்த் துண்டொன்றைச் சேர்ப்பர். அதன் பாலிலுள்ள நொதியமே இறைச்சியை இளக்குவது. அப்பாலை உலர்த்திப் பெறும் பப்பெயினை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிகுதியாக ஏற்றுமதி செய்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. சமையற்கட்டுக்குரிய இப்பொருள் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையின் வரலாற்றிலும் இடம்பெற்றமை பலர் அறியாதது.

முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டின் கூழ் பிதுங்கி நரம்பை நெருக்குவதாற் காலில் வலி இறங்குகின்றது என்பதைப் பொஸ்ரன் நகர மருத்துவர்களான மிக்ஸ்ரரும் பாரும் 1934இல் நிறுவினர். தசையை அகலப் பிரித்து, என்பை வெட்டி, பிதுக்கத்தை அகற்றுவதே அவர்கள் காட்டிய வழி. நோய் நீங்கினும் முதுகுத்தசை நலிந்தது. சாதாரண மனிதர் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடுபவனும் பந்தெறிபவனும் அத்தசையை நம்பியே வாழ்பவராதலின் அவர்க்கு அது பேரிழப்பு.

1956இல் லூயிஸ் தொமஸ் முயல்களின் குருதியிற் பப்பெயினைச் செலுத்தினார்; நிமிர்ந்திருந்த காதுகள் துவண்டு விழுந்தன. நம் சமையற்கட்டு முன்னரே அறிந்த உண்மைதான் இது! பின்னர் லைமன் ஸ்மித், அதே பாலிலுள்ள கைமோபப்பெயின் என்னும் நொதியத்தை நோயாளரின் தட்டினுள் ஊசிவழியே செலுத்திக் கூழைக் கரைத்து, 1964இல் அம்முடிவை வெளியிட்டார். தசையை வெட்டாது பிதுக்கத்தைத் தீர்க்கும் முயற்சிகளுள் இதுவே முன்னோடி எனலாம். 1982இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதியளித்தது. ஆயின் சிலர்க்குக் கடும் ஒவ்வாமையும், மிக அரிதாக முண்ணாண் பாதிப்பும் நேர்ந்தன. ஒப்பாய்வுகளில் வெற்று ஊசியினும் இது மேம்பட்டது, சத்திரசிகிச்சைக்கு ஈடாகவில்லை. 2003இல் அங்கு விற்பனை நின்றது.

இதனிடையே யாசர்கிலும் காஸ்பாரும் 1977இல் தனித்தனியே வெளியிட்ட நுண்நோக்கிச் சிகிச்சை வேரூன்றியது. சிறு கீறலும் தெளிந்த காட்சியும் அதன் சிறப்பு. 1997இல் தசையை வெட்டாது விலக்கிக் குழாய் செருகும் முறையும் வந்தது. குழாய்வழியே சிறந்ததெனக் கருதுவோர் பலர். எனினும் 2009இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு, அது நுண்நோக்கி முறையினும் கூடிய பயன் தரவில்லை எனக் காட்டிற்று. கீறலின் அளவை மட்டுங்கொண்டு சிகிச்சையின் மேன்மையை அளத்தல் பொருந்தாது என்பதே எம் துணிபு.

கொல்ஃப் வீரர் டைகர் வூட்ஸின் வரலாறும் இதற்குச் சான்று. 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் மும்முறை நுண்நோக்கிச் சிகிச்சை பெற்றும் அவர் களத்தில் நிலைக்கவில்லை. 2017இல் தட்டையே அகற்றி இரு முள்ளென்புகளை ஒன்றாய்ப் பிணைத்தனர். 2019இல் அவர் மாஸ்ரர்ஸ் போட்டியை வென்றார்.