கட்டிங் மெஷின் எழுதும் எழுத்து உள்ளே காலியாக வருவது ஏன்? மார்க்கரால் நிரப்புவது எப்படி?

கல்யாணப் பத்திரிகை உறை, பிறந்தநாள் அட்டை, கடைக்கான விலைப் பலகை... கிரிகட், சில்லவெட் கேமியோ போன்ற கட்டிங் மெஷின்களில் பேனாவை மாட்டினால் இதையெல்லாம் எழுதிவிடலாம். ஆனால், திரையில் தடிமனாகத் தெரிந்த எழுத்து அட்டையில் வெறும் ஓரக்கோடாக வந்து நிற்கும். பயப்படாதீங்க, மெஷின் கெட்டுப்போகவில்லை.

ஏன் இப்படி?

எழுத்துருக் கோப்பில் பெரும்பாலும் இருப்பது எழுத்தின் ஓரம் மட்டுமே. உள்ளே வண்ணம் நிரப்புவது திரையும் பிரிண்டரும் செய்கிற வேலை. கட்டிங் மெஷினுக்குத் தெரிந்ததோ, கோட்டின் மேல் போவது மட்டும்தான். அப்படியானால், உள்ளேயும் கோடு போட்டுக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

எப்படிச் செய்வது?

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளுக்கு 'ஹேட்ச் ஃபில்' என்ற கூடுதல் வசதி உண்டு. எழுத்தை முதலில் பாதையாக (பாத்) மாற்றி, அதனுள் நெருக்கமான இணைகோடுகளை நிரப்பி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமியுங்கள். கிரிகட் செயலியில் ஏற்றியதும் 'கட்' என்பதைப் பேனாவுக்கு மாற்றுங்கள். கோடுகளையும் ஓரத்தையும் 'அட்டாச்' செய்ய மறக்காதீங்க. மறந்தால் இரண்டும் இடம் மாறிவிடும்.

எவ்வளவு இடைவெளி?

பேனா முனையின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக. 1 மி.மீ. மார்க்கர் என்றால் 0.8 மி.மீ. வைத்துப் பாருங்கள். அதிகமானால் வெள்ளைக் கோடு தெரியும். ரொம்பக் குறைந்தால் மை ஊறி, தாள் பிய்ந்துவிடும். நிரப்பலை ஓரத்திலிருந்து அரை முனை அகலம் உள்ளே தள்ளி வையுங்கள். நிரப்பிய பிறகு கடைசியாக ஓரக்கோட்டை வரைந்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் மையால் அடைந்துபோகும். மெல்லிய முனையும் பெரிய அளவும் தேவை.

எப்போது வேண்டாம்?

10 செ.மீ. சதுரத்தை 0.8 மி.மீ. இடைவெளியில் நிரப்ப 125 கோடுகள், அதாவது 12.5 மீட்டர் மை ஓட வேண்டும். நேரமும் மார்க்கரும் வீண். அவ்வளவு பெரிய எழுத்துக்கு வண்ண அட்டையை வெட்டி ஒட்டுவதே லாபம். எதுவானாலும், 100 உறைகளை ஆர்டர் எடுக்கும் முன் அதே தாளில் ஒரே ஒரு எழுத்தை எழுதிப் பார்த்துவிடுங்கள்.