மன்னார்க் கடலும் மெலனீசியத் தீவுகளும்

ஒரு தீவைத் ‘தொலைதூரத் தீவு’ என்று கூறும்போது, அத்தூரம் எங்கிருந்து அளக்கப்படுகின்றது என்னும் வினா எழுதல் வேண்டும். பேசாலைக் கரையிலிருந்து பாக்கு நீரிணையிலே தொழில் செய்யும் மீனவனுக்கு மன்னார்த் தீவு தொலைவன்று. இலண்டனுக்கே அது தொலைவு. மெலனீசியத் தீவுகளுக்கும் இது பொருந்தும். அங்கு ஐரோப்பிய அறிஞர் மேற்கொண்ட பயணங்கள் மானிடவியல் வரலாற்றிலே பெருமையுடன் பேசப்படுகின்றன. அப்பயணங்களுக்கும் எமது முத்துக் கடலுக்குமுள்ள உறவோ அத்துணை பேசப்படுவதில்லை.

ஏ. சி. ஹடன் 1888இல் டொறெஸ் நீரிணைக்குச் சென்றது மனிதரை ஆராய்வதற்கன்று; பவளப்பாறைகளையும் கடல்வாழ் உயிரினங்களையும் ஆராய்வதற்கே. பொத்தான் செய்ய உதவும் சிப்பி ஓட்டைத் தேடிவந்த மூலதனம், அதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்னரே அத்தீவுகளிற் கால்கொண்டுவிட்டது. பசுபிக் தீவினர், மலாயர், யப்பானியர் எனப் பலர் அங்கு சிப்பி எடுத்தனர். 1880களில் இலங்கைச் சிங்களவரும் தேர்ஸ்டே தீவிற் குடியேறினர். மறைந்துவரும் பழைய வழக்கங்களைப் பதிவுசெய்யவென ஹடன் 1898இல் கேம்பிறிட்ஜ் ஆய்வுக்குழுவை அங்கு அழைத்துச் சென்றார். உடன்சென்ற சி. ஜி. செலிக்மன் பின்னர் இலங்கைக்கு வந்து வேடரை ஆராய்ந்து, 1911இல் நூல் வெளியிட்டார். வழக்கங்கள் மறைவது பற்றிய கவலை இவ்வறிஞரிடம் உண்மையாகவே இருந்தது. மறையச் செய்த சக்தியின் கப்பல்களிலேயே அக்கவலையும் வந்திறங்கியது என்பதே முரண்.

மன்னாரிலும் அறிவியல் முத்தைத் தொடர்ந்தே வந்தது. 1892 முதல் 1902 வரை முத்துக்குளிப்பு நடைபெறாமையாற் கவலையுற்ற குடியேற்ற அரசு, டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் என்னும் உயிரியலாளரை 1902இல் வரவழைத்தது. அவருக்கு உதவியாக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னல். ஆய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பேசாலைக்குத் தெற்கே, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பாலுள்ள பார்களில், கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் வந்தோர் குளிகல்லுடன் மூச்சடக்கி இறங்கினர். எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவர்களுக்கு. ஏனைய இரண்டும் அரசின் ஏலத்துக்கு. அந்த ஒரு பங்கிலேதான் கயிறு பிடித்தவனும் தோணிக்காரனும் பங்கு பெற்றனர். 1906இல் அரசு இருபதாண்டுக் குத்தகைக்குப் பார்களை ஒரு பிரித்தானியக் கம்பனியிடம் ஒப்படைத்தது. விரைவிலேயே சிப்பிகள் அருகின, கம்பனியும் கலைந்தது.

ஹோர்னலின் கவனம் பின்னர் படகுகளின்பாற் சென்றது. சென்னை மாகாண மீன்துறையில் இருந்தபோது, இந்தியப் படகமைப்புப் பற்றி 1920இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மிதவைக் கட்டையுடைய படகுகளின் தோற்றத்தைக் கீழைக் கடல்களிலிருந்து நிகழ்ந்த இனப்பெயர்ச்சியுடன் அதில் இணைத்தார். 1936–38இல் ஓசியானியப் படகுகள் பற்றி மூன்று தொகுதிகள் வெளிவந்தன. அவற்றின் ஆசிரியர்கள் ஹடனும் ஹோர்னலுமே. டொறெஸ் நீரிணையும் மன்னாரும் இவ்வாறு ஒரே நூலிற் சந்தித்தன. அவ்வளவு நுணுக்கமாகப் படகுகளை அளந்தவர்கள் அரியர். அப்பணியை ஏகாதிபத்தியச் சரக்கென்று தள்ளிவிடல் அறிவுடைமையாகாது. எனினும், படகின் கட்டும் பலகையும் அங்கு துலங்குமளவிற்கு, அதைக் கட்டியவனின் கடனும் கூலியும் துலங்குவதில்லை.

மற்றொரு பயணமும் இதனுடன் வைத்து நோக்கத்தக்கது. 1908இல் சொலமன் தீவுகளில் ரிவர்ஸுடன் ஆய்வு செய்த ஏ. எம். ஹோகார்ட், பின்னர் பீஜியின் லௌ தீவுகளிற் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். 1921இல் இலங்கையின் தொல்லியல் ஆணையாளரானார். அவர் பீஜியில் இருந்த அதே காலத்தில், ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கட்டுண்ட தென்னிந்தியத் தொழிலாளர் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தனர். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து அவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 15,000 பேர். பாரதி பாடியது இத்தோட்டங்களிலே வாடிய பெண்களையே. மெலனீசியாவுக்குச் சென்ற தமிழரில் மிகப் பெருந்தொகையினர் இவர்கள்தாம். அறிஞரைப் பயணக்குறிப்புகளால் அறிகின்றோம். இவர்களையோ பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றைக் குறித்த குடிப்பெயர்வு அனுமதிச் சீட்டுகளால் மட்டுமே பெரும்பாலும் அறிகின்றோம்.