மல்லும் குத்தும்

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் ஜூரோங்கில் வாழும் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஜொகூரில் ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவே பள்ளிக்கூடம் நடத்தும் என் போன்றவர்க்கு இன்றைய ஜூரோங் ஒரு வியப்பு. 1961-இல் தொழிற்பேட்டைப் பணி தொடங்குவதற்கு முன்னர் அங்கும் சதுப்பு நிலமும் ரப்பர்த் தோட்டங்களும் இறால் குட்டைகளுமே இருந்தன. அந்த மண்ணில் எழுந்த ஒரு கட்டடத்தின் மாடியில்தான், ஐம்பத்தைந்து வயதில், குத்துச்சண்டையின் முதற்பாடத்தை நான் கேட்டேன்.

வேடிக்கை பார்க்கத்தான் போனேன். “வந்தது வந்துட்டீங்க மாமா, நீங்களும் ஒரு வகுப்பு செஞ்சு பாருங்க” என்று தங்கை மகன் விடவில்லை. பயிற்சியாளர் ஒரு தமிழ் இளைஞர். என் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு, விரல்களுக்கிடையே துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டினார். இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே, பின்காலின் குதி சற்றே உயர, மோவாய் தாழ, இரு கைகளும் கன்னத்தருகே! முதற் கால் மணி நேரம் நிற்பதற்கே சரியாய்ப் போயிற்று. பிறகுதான் இடக்கையை நேரே நீட்டிக் குத்தவும், நீட்டிய வேகத்திலேயே திரும்பக் கன்னத்திற்குக் கொண்டு வரவும் சொன்னார். மூன்று நிமிடத்திற்கு ஒரு மணி, ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் மணி. எங்கள் பள்ளி மணியைக் காட்டிலும் கண்டிப்பான மணி அது.

ஓய்வு வேளையில் மூச்சு வாங்கிக்கொண்டே, “தம்பி, இது வெள்ளைக்காரன் கலை என்று எண்ணிவிடாதீர்கள். சங்க காலத்திலேயே நம்மிடம் இருந்தது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் புறநானூறு பாடுகிறது” என்றேன். அவர் பணிவாகவே கேட்டார்: “அதுல குத்துனதா எழுதியிருக்கா சார்?”

என்னால் விடை கூற இயலவில்லை. எத்தனையோ பேச்சுப் போட்டிகளுக்கு மாணவர்க்கு எழுதிக் கொடுத்த செய்தி இது. “குத்துச்சண்டை தமிழன் உலகிற்கு ஈந்த கலை” என்று மேடையில் முழங்கிப் பரிசு வாங்கிய பிள்ளைகள் உண்டு. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் புறநானூற்றை எடுத்தேன்.

80, 81, 82 ஆகிய மூன்று பாடல்களும் சாத்தந்தையார் பாடியவை. 80-ஆம் பாட்டில் வரும் காட்சி தெளிவானது. முக்காவல் நாட்டு ஆமூரில், மல்லனின் மார்பை ஒரு கால் அழுத்த, மற்றொரு கால் அவன் முயற்சியைத் தடுத்துப் பின்புறம் வளைக்கக் கிள்ளி அவனை அடக்குகிறான். மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானையைப் போல, தலையும் காலும் ஒருங்கே முறிய மோதுகிறான். தந்தை தித்தன் இதனைக் காணட்டும் என்கிறார் புலவர். தந்தையோடு பிணங்கிப் பிரிந்திருந்த மகனல்லவா! இது பிடித்து, மடக்கி, வீழ்த்தும் மற்போர். கைக்குத்து இதில் இல்லை.

அப்படியானால் ‘குத்து’ என் எண்ணத்தில் எவ்வாறு புகுந்தது? 82-ஆம் பாட்டினால் என்றே கருதுகிறேன். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பொழிகிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் கட்டில் பின்னுகின்றவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ, அவ்வளவு விரைந்தது அந்தப் போர் என்கிறார் புலவர். ஊசி உள்ளே போய் வெளியே வருவதைக் கை முன்னே போய்ப் பின்னே வருவதாக நானே கற்பித்துக்கொண்டேன்! பாட்டிலுள்ள ஒப்புமை விரைவுக்கு மட்டுமே. உழைப்பாளி ஒருவனின் அவசரத்தை அரசகுமாரனின் வீரத்திற்கு உவமையாக்கிய அருமையை விட்டுவிட்டு, அதில் இல்லாத பொருளைத் தேடியிருக்கிறேன். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் பூண்ட ‘மாமல்லன்’ என்னும் பட்டமும் மல்லைத்தான் குறிக்கிறது.

கைக்குத்தே நம்மிடம் இல்லை என்று மறுகோடிக்குப் போகவும் வேண்டியதில்லை. வாலியும் சுக்கிரீவனும் முட்டியால் தாக்கிக்கொண்டதை இராமாயணம் கூறும். சிலம்பத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் ‘குத்துவரிசை’யின் பெயரே அதற்குச் சான்று. ஆனால் குத்து, உதை, பிடி, மடக்கு எல்லாம் அங்குக் கலந்தே இருந்தன. இதில் நாம் தனித்தவரும் அல்லர். கிரேக்கர் கி.மு. 688-இலேயே ஒலிம்பிக் விழாவில் கைக்குத்துப் போட்டியைச் சேர்த்துத் தனிக்கலையாக்கினர். ஆயினும் பிற்கால இங்கிலாந்தில் அதுவும் இதுவும் மறுபடி கலந்தே கிடந்தன. 1743-இல் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகளும், 1838-இல் வந்த இலண்டன் விதிகளும் எதிரியைப் பற்றித் தூக்கி வீழ்த்துவதை அனுமதித்தன. 1867-இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளியான விதிகளே மற்பிடியை விலக்கி, கையுறையை விதித்து, மூன்று நிமிடச் சுற்றையும் ஒரு நிமிட ஓய்வையும், விழுந்தவன் எழுவதற்குப் பத்து நொடியையும் நிலைநாட்டின. ஜூரோங்கில் என்னை வாட்டிய மணி அந்த 1867-இன் மணிதான்.

சயாம் நாட்டார் இவ்விதிகளைப் பெற்றுக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. கையில் கயிறு சுற்றிப் போரிட்டவர்கள் கையுறை, மேடை, சுற்று ஆகியவற்றை ஏற்றனர். முழங்காலையும் முழங்கையையும் விடவில்லை. 1945-இல் பாங்காக்கில் திறக்கப்பட்ட இராஜதாம்னர்ன் அரங்கில் இன்றும் அவ்வாறே ஆடுகின்றனர். சென்னை வேறு வழியிற் சென்றது. வடசென்னையின் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ஆங்கில விதிகளை ஏற்றனர். ஆனால் அமைப்பை நம் முறையில் வைத்தனர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் எழுந்தன. வாத்தியார், மாணாக்கர், பரம்பரை என்னும் சொற்களைப் பாருங்கள். சங்கீதத்திற்கும் சிலம்பத்திற்கும் உரிய சொற்கள் அவை. அக்களத்திற் புகழ்பெற்ற கித்தேரி முத்துவுக்குப் பெரியார் ‘திராவிட வீரன்’ என்று பட்டமளித்ததாகக் கூறுவர். 1980-இல் முகம்மது அலியே சென்னை நேரு விளையாட்டரங்கில் மேடையேறிக் காட்டினார். 2021-இல் பா. இரஞ்சித்தின் திரைப்படம் வந்த பிறகே நம்மிற் பலருக்கு இப்பரம்பரைகளின் பெயர் தெரிந்தது என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் பெருமையன்று.

சிங்கப்பூரிலும் இக்கலை தமிழர் புழங்கிய தெருக்களுக்கு அருகிலேயே வளர்ந்தது. ஜாலான் புசாரில் 1923-இல் தொடங்கிய நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டை பெருங்கூட்டத்தை ஈர்த்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலை நம்மவர் 1942 பிப்ரவரி 17-ஆம் நாளோடு சேர்த்தே நினைப்பர்; சரணடைந்த இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இடம் அது. அங்கே ஒரு குத்துச்சண்டைக் கூடமும் இருந்தது. அப்பகுதியில் புதிய குடியிருப்புகள் எழவிருக்க, அக்கூடத்தின் கட்டடத்தை இடிக்காமல் விளையாட்டுக்கே பயன்படுத்தப்போவதாக 2022-இல் அறிவித்தனர். சிங்கப்பூரின் சையது அப்துல் காதிர் 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் களமிறங்கி, 1974-இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் பெற்றார். ஜூரோங் கூடத்துச் சுவரில் அயல்நாட்டு வீரர் படங்களே தொங்கின. அவர் படத்தைக் காணோம்.

பேச்சுப் போட்டிக் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, கட்டில் பின்னுகின்றவனின் ஊசியைப் பற்றிப் புதிதாய் எழுதி வைத்திருக்கிறேன். ஜூரோங் தம்பிக்கும் விடை அனுப்பினேன்: “குத்தியதாக எழுதவில்லை. நீங்கள் கேட்டது சரி.” அடுத்த விடுமுறைக்கு வரும்போது வலக்கை பழகலாம் என்று பதில் வந்திருக்கிறது. இடத்தோள் வலி இன்னும் தீரவில்லை.