நாற்றுக் கலமும் நாட்டு மரங்களும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மரங்களின் வரலாற்றை எழுதுவோர் காட்டின் பரப்பையும் வெட்டப்பட்ட மரத்தின் பெறுமதியையுமே பெரும்பாலும் கணக்கிடுவர். ஒரு கன்று எதனுள் வைத்து வளர்க்கப்பட்டது, யாருடைய தேவைக்காக வளர்க்கப்பட்டது என்னும் வினாக்கள் நம் கவனத்தைப் பெறுவது அரிது. ஆயினும் கூடை, சட்டி, கண்ணாடிப் பெட்டி, பொலித்தீன் பை என மாறிவந்த நாற்றுக் கலமானது, எந்த மரத்தைப் பேணத்தக்கதென ஒவ்வொரு காலமும் கருதிற்று என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது. அச்சான்றின் துணையுடன் கல்முனைக் கரையோரத்து நாட்டு மரங்களின் நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்திய அரசி ஹட்செப்சுட் புந்து நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பினாள். அங்கிருந்து நறும்பிசின் மரங்கள் வேரோடு கூடைகளில் ஏற்றிவரப்பட்ட காட்சி டெய்ர் எல்-பஹ்ரிக் கோயிற் சுவரிற் செதுக்கப்பட்டுள்ளது. நமது நாட்டிலோ, சங்கமித்தை வெள்ளரசுக் கிளையைப் பொற்கலத்தில் வைத்துக் கடல்வழியே கொணர்ந்த செய்தியை மகாவம்சம் கூறுகின்றது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கலம் ஏறியது, தொலைவிலிருந்து வந்ததும் அரசு பெரிதும் மதித்ததுமான மரமேயாகும். அயலிலே தானாக முளைக்கும் மரத்துக்குக் கலம் வேண்டப்படவில்லை.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இப்போக்கு மேலும் வலுப்பெற்றது. இலண்டன் மருத்துவரான நதானியேல் வார்ட் என்பார், மூடிய கண்ணாடிப் போத்தலினுள் இருந்த ஈரமண்ணிற் பன்னமும் புல்லும் முளைத்துத் தழைப்பதை 1829இல் அவதானித்தார். இதன் பயனாக உருவான கண்ணாடிப் பெட்டிகள் 1833இற் செடிகளுடன் சிட்னிக்கு அனுப்பப்பட்டன. உப்புக் காற்றும் வரட்சியும் தாக்காது அச்செடிகள் உயிருடன் கரைசேர்ந்தன. அதன்பின் பேரரசின் பயிர்கள் உலகெங்கும் இப்பெட்டிகளிற் பயணஞ் செய்தன.

இவ்வகையில் இலங்கைக்கு வந்த இறப்பரின் கதை நுணுகி நோக்கத்தக்கது. ஹென்றி விக்கம் 1876இற் பிரேசிலிலிருந்து கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகளுள் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மாத்திரமே. இறப்பர் விதை குறுகிய காலத்தில் முளைதிறனை இழந்துவிடும் இயல்புடையது. எனவே விதையாக அன்றிக் கன்றாகவே அதனை அனுப்ப நேர்ந்தது. அவ்வாண்டிலேயே 1,919 கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்கென்றே கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் ஒரு பூங்காவும் அமைக்கப்பட்டது. பொறுப்பதற்கரிய ஒரு விதைக்காகப் பேரரசொன்று மேற்கொண்ட முயற்சியின் அளவு இது.

நமது வேம்பும் நாவலும் இலுப்பையும் இதே குறையுடைய விதைகளைத் தருவனவே. பழம் உதிர்ந்த சில வாரங்களுள் விதைக்காவிடின் அவை முளைப்பது அரிது. ஆயினும் அவற்றுக்கெனப் பெட்டி செய்தாரில்லை; பூங்கா அமைத்தாருமில்லை. இதனை வெறும் அலட்சியம் என்று கொள்ளுதல் பொருந்தாது. அன்று அத்தேவை எழவில்லை என்பதே உண்மை.

கல்முனைக் கரையோரத்தில் மருதமுனை, சாய்ந்தமருது என்னும் ஊர்ப்பெயர்களே மருதமரத்தின் நினைவைச் சுமந்து நிற்கின்றன. மருது ஆற்றங்கரைக்கும் குளக்கட்டுக்கும் உரிய மரமாகும். சிறகுடைய அதன் காய்கள் வெள்ளத்தில் மிதந்து சென்று, ஈரமான கரையில் ஒதுங்கி முளைக்கும். நாவலின் விதையைப் பறவையும் வௌவாலும் பரப்பின. பூவரசங் கதியாலை வேலியில் ஊன்றினால் அது தானே துளிர்த்தது. இயற்கையே நாற்றுமேடையாய் இருந்த காலம் அது.

அந்த நாற்றுமேடை கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளிற் பெரிதும் சுருங்கிவிட்டது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோற்றம்பெற்றதும் பட்டிப்பளை ஆறு அணையால் மறிக்கப்பட்டு, பெருங்காடுகள் வயல்களாயின. நெல் பெருகிற்று என்பதில் ஐயமில்லை. எனினும் காய்களைச் சுமந்து சென்ற வெள்ளத்தின் போக்கும், அவை ஒதுங்கி முளைத்த கரையும் முன்போல் இல்லாதாயின. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கிழக்குக் கரையின் தென்னைகளையும் நிழல் மரங்களையும் வீழ்த்தியது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் இதுவேயாகும். இதன்பின்னரே கரையிலே மரம் வேண்டும் என்னும் எண்ணம் எங்கும் வலுவாக எழுந்தது.

ஆனால் அவசரத்தில் நட்டவை யாவும் நிலைக்கவில்லை. இலங்கையில் 23 இடங்களில் மேற்கொள்ளப்பட்ட கண்டல் நடுகைகளை ஆராய்ந்து, ருகுணைப் பல்கலைக்கழகத்தவர் பங்குகொண்ட ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரையிலேயே நடுகை வெற்றிபெற்றதென அது காட்டிற்று. பொருந்தாத இடத்தில் நட்டமையும் நட்டபின் பராமரியாமையும் முதன்மையான காரணங்களாயின. கன்றின் எண்ணிக்கையை மாத்திரம் கணக்கிடும் திட்டம் மரத்தைத் தராது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்று கலம் எளிதிற் கிடைக்கின்றது. 1933இற் கண்டறியப்பட்ட பொலித்தீன், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வெப்பவலய நாற்றுமேடைகளெங்கும் பையாகப் பரவிற்று. எனினும் உலர்த்திச் சேமிக்கத்தக்க யூக்கலிப்டசு போன்ற அந்நிய மர விதைகளே தொலைவிலுள்ள பெரு நாற்றுமேடைகளுக்கு வாய்ப்பாய் அமைந்தன. நாவல் விதையோ களஞ்சியத்திற் காத்திருக்காது. ஆகவே அதன் நாற்றுமேடை தாய்மரத்துக்கு அண்மையிலேயே, அதாவது ஊரிலேயே அமைதல் வேண்டும்.

கலத்தின் அளவும் கருத்திற் கொள்ளற்பாலது. ஆழமற்ற பையில் நெடுநாள் வைத்த கன்றின் ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருளும். அச்சுருளோடு நட்ட மரம் சில ஆண்டுகள் செழிப்பாய்த் தோன்றினும், பெருங்காற்றில் வேரோடு சாயக்கூடும். சூறாவளி கண்ட கரையில் இது சிறு குறையன்று. மேல்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பிய ஆழமான பை, நீர் வடியும் துளைகள், வேர் சுருளுமுன் நடுதல், நடுவதற்கு முன் நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்துக் கன்றை வன்மைப்படுத்துதல் என்பன இன்றியமையாதன. மணற்கரைக்குப் புன்னையும் பூவரசும் தாழையும், களப்போரத்துக்குக் கண்டலும், ஆற்றோரத்துக்கு மருதும் என இடமறிந்து தெரிதலும் வேண்டும்.

இதற்குப் பேரரசின் பெட்டிகள் வேண்டியதில்லை. பாடசாலை வளவிலும் பள்ளிவாசல் வளவிலும் சில பாத்திகளே போதும். எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த நிலத்தில் எது நின்றது என்பதை நம் ஊர் முதியோர் அறிவர். அவ்வறிவைக் கேட்டுப் பதிவுசெய்தல் வரலாற்று மாணவரின் பணியுமாகும். அவர்களோடு அது மறையுமாயின், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மருது பெயரளவிலேயே எஞ்சும்.