முயல் என்னும் ஒரு பெயர்

வெக்ஸ்போர்ட் பகுதியில் லோறன்ஸ் வீதியை அண்டி வாழும் எம்மவருக்கு, அந்திப் பொழுதிலே புற்றரையில் வந்தமரும் சாம்பல்நிறப் பிராணி புதியதன்று. அதனை முயல் என்கிறோம். வன்னிக் காட்டோரத்தில் வெளிச்சம் கண்டு மிரண்டோடியதையும் முயல் என்றே அழைத்தோம். கூட்டிலே வளர்த்த வெள்ளைப் பிராணிக்கும் அதுவே பெயர். ஆனால் விலங்கியலார் இம்மூன்றையும் மூன்று வெவ்வேறு சாதிகளில் வைத்துள்ளனர்.

ஊரிலுள்ள உறவினருக்கு முயற்பண்ணை அமைக்கப் பணம் அனுப்ப எண்ணுவோர் சிலர், நாட்டு முயலோடு வெள்ளை முயலைச் சேர்த்து நல்ல கலப்பு வர்க்கம் பெறலாம் எனக் கூறக் கேட்டிருக்கின்றோம். இந்த எண்ணத்துக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

1850களில் பிரான்சின் அங்குலேம் நகரைச் சேர்ந்த ரூ என்பார், காட்டு முயலையும் வளர்ப்பு முயலையும் இணைத்துப் புதியதோர் இறைச்சிப் பிராணியைத் தோற்றுவித்துவிட்டதாக அறிவித்தார். போல் புரோக்கா என்ற புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் அதனை நம்பினார். நம்பியதோடு நில்லாது, மனித குலங்களும் தனித்தனி இனங்களே என்ற தமது கொள்கைக்கு அதனைச் சான்றாகவும் காட்டினார். முயற்கூட்டிலிருந்து மனிதரைத் தரம்பிரிக்கப் புறப்பட்ட விந்தையை என்னென்பது! பின்னர் ஆராய்ந்தபோது, அவை வெறும் வளர்ப்பு முயல்களே எனத் தெளிவாயிற்று.

காரணம் விளங்கக்கூடியதே. எமது காட்டு முயலின் கலங்களில் 48 நிறமூர்த்தங்கள் உள்ளன. வளர்ப்பு முயலில் 44. கனடிய மண்ணில் நாம் காணும் பஞ்சுவால் முயலில் 42. காட்டு முயலின் குட்டி உரோமத்துடன், கண் திறந்தபடி வெட்டவெளியிற் பிறக்கின்றது. வளர்ப்பு முயலின் குட்டியோ உரோமமின்றி, கண் மூடியபடி கூட்டின் மெத்தையிற் கிடக்கும். (பஞ்சுவால் முயலும் தெற்கு ஒன்ராறியோவுக்குக் குடிவந்ததே. காடுகள் வெட்டப்பட்டு வயல்களான பின்னர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தெற்கிலிருந்து பரவியது.)

ஆட்டின் கதை வேறு. யமுனாபாரிக் கடாவும் நாட்டு ஆடும் ஒரே இனம். ஆதலால் அக்கலப்பு எமது ஊர்களிற் பலன் தந்தது. முயலில் அவ்வாறு செய்ய, எமது மண்ணுக்குரிய வளர்ப்பு முயல் ஆதியிலே இருக்கவில்லை. அதன் மூதாதையரின் தாயகம் ஸ்பெயின், போர்த்துக்கல் பகுதியாகும்.

எனவே கலப்பு என்பது வந்தேறிய வர்க்கங்களுக்கிடையே நிகழ்வதே. சோவியத் சின்சில்லா என்பது, பிரான்சில் உருவான சின்சில்லாவைப் பெரிய உடற்கட்டுள்ள வெள்ளை முயலுடன் கலந்து பெறப்பட்டது. நியூசிலாந்து வெள்ளை, பெயருக்கு மாறாக, அமெரிக்காவிலே தோன்றியது. 1962இல் இராசத்தானின் அவிகாநகரில் நிறுவப்பட்ட இந்திய மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம், 1970களின் இறுதியில் வெளிநாட்டு முயல் வர்க்கங்களைத் தருவித்தது. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் 1965இல் தொடங்கிய அதன் தென்மண்டல நிலையத்தின் வாயிலாக வெள்ளை இராட்சத முயலும் சோவியத் சின்சில்லாவும் தமிழ்நாட்டு விவசாயிகளைச் சென்றடைந்தன.

ஆயின் மன்னவனூர் குளிர்மலை; வன்னியோ வெப்பநிலம். வெப்பம் 30 பாகையைத் தாண்டி நீடித்தால் ஆண் முயலின் விந்து வலுவிழக்கும், சில வாரங்களுக்கு இணை சேர்ந்தும் பயனில்லை. இதனை அறியாதோர் பெண் முயல் மலடென்று விற்றுவிடுவதுண்டு. கிடுகுக் கூரையும் மரநிழலும் தாராளமான தண்ணீரும் விலையுயர்ந்த வர்க்கத்தைவிட முக்கியமானவை என்பது எமது கருத்து.

இன்னொன்று. வேறுபட்ட இரு வர்க்கங்களைக் கலந்து பெறும் முதற் தலைமுறையிலே வளர்ச்சியும் உயிர்தப்பும் திறனும் மேலோங்கும். அக்குட்டிகளையே தம்முள் இணைத்தால், அடுத்த தலைமுறையில் அந்த மேம்பாட்டிற் பாதி போய்விடும். பெண் முயல் 31 நாளில் ஈனும். ஆதலால் ஓராண்டுக்குள்ளேயே உடன்பிறப்புகள் இணைசேர்ந்து கூட்டம் நலிந்துவிடக்கூடும். பணம் அனுப்புவோர் ஒரு சோடிக்கு மாத்திரம் அனுப்பாது, உறவற்ற இரண்டு ஆண் முயல்களுக்கும், எந்தக் குட்டி எதற்குப் பிறந்தது என எழுதிவைக்க ஒரு கொப்பிக்கும் சேர்த்து அனுப்புவார்களாக.